நாக்கைப் பாருங்கள்: உடம்பு நீலமாவது எப்போது ஆபத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரடியாகச் சொல்லுங்கள், எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம். இந்த மூன்று இடங்களில் நீலமோ சாம்பல் நிறமோ புதிதாகத் தெரிந்தால் அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள் (இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999). பக்கத்து வீட்டில் யோசனை கேட்க வேண்டாம், காலையில் டாக்டர் வரட்டும் என்று படுக்க வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. நீலம் தாமதமாக வரும் அறிகுறி. ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாமல் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், பேச்சு குழறினால், கூப்பிட்டால் சரியாகத் திரும்பிப் பார்க்காமல் அரைத் தூக்கத்தில் இருந்தால், நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டினால், உதடு எந்த நிறத்தில் இருந்தாலும் அது அவசரம்தான். நீலம் வந்தால் கிளம்பலாம் என்று இருந்தவர்களுக்குப் பல நேரம் நேரமே மிஞ்சுவதில்லை.

ரத்தம் சிவப்புதானே, பிறகு ஏன் நீலம்?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். சுமை இருக்கும்போது அது பளிச்சென்ற சிவப்பு, சுமையை இறக்கிவிட்டால் கருஞ்சிவப்பு. அந்தக் கருஞ்சிவப்பைத் தோலுக்கு அடியில் பார்க்கும்போது நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. மருத்துவர்கள் இதை சயனோசிஸ் என்பார்கள்.

நுண்ணிய ரத்தக் குழாய்களில் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 5 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், ஹீமோகுளோபின் 15 கிராம் இருப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் இழந்தாலே நீலம் தெரிந்துவிடும், 7 மட்டும் இருப்பவருக்கோ அதே நீலம் தெரிய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழக்க வேண்டும், அந்த நிலை வரை உடம்பு தாங்காது. நம் ஊரில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். ரத்தசோகை இருக்கும் கர்ப்பிணி மூச்சு வாங்குகிறார், ஆனால் உதடு நீலமாகவில்லை என்றால் அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் கருப்பு அல்லது மாநிறம். நீலம் எப்படித் தெரியும்?

படங்களில் காட்டும் நீல உதடு பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுடையது. நம் தோலில் அப்படித் தெரியாது. முகம் சாம்பல் பூசியது மாதிரி, ஒளி இறங்கிப்போன மாதிரி இருக்கும், உதடு வழக்கத்தைவிடக் கருத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் வெளித்தோலை நம்பாதீர்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள், கீழுதட்டைக் கீழே இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள், கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் நிறம் குறைந்த இடங்கள் என்பதால் அங்கேயும் மாற்றம் தெரியலாம்.

வெளிச்சம் முக்கியம். பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நல்லது. இரவென்றால் போன் டார்ச் போதும், வண்ண விளக்குக்கு அடியில் நின்று முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நன்றாக இருக்கும் ஒருவரின் நாக்கோடு ஒப்பிடுங்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு உதடு ஏற்கெனவே கருத்திருக்கும், வெற்றிலை போடுபவர்களுக்கு நாக்கு நிறமே மாறியிருக்கும். நாவல் பழம் தின்ற பிள்ளையின் நாக்கு ஊதாவாகத்தான் இருக்கும். பிள்ளை நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, வாயைக் கொப்பளிக்க வைத்துப் பாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கிளம்புங்கள்.

விரலும் நகமும் மட்டும் நீலமாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். குளிரில் கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் மெதுவாக ஓடும், விரல் நீலமாகும். ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். கையைத் தேய்த்துச் சூடாக்கினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலோ மனம் பதறினாலோ விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து வலிக்கும். இது ரேனாட் எனப்படும் பிரச்சினை, அவசரம் இல்லை, ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவசரமானவை மூன்று.

ஒரே ஒரு கை அல்லது ஒரே ஒரு கால் திடீரென்று நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டுப் போய், கடுமையாக வலித்து, மரத்துப் போனால் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் காலையே இழக்க நேரிடும். எண்ணெய் தடவி நீவிவிடுவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, நிறம் மாறியிருந்தால், அதுவும் நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு என்றால், உள் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். அதோடு திடீர் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே 108.

மூன்றாவது டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடே நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். கை கால் சில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்த்து, நகம் நீலம் தட்டி, பிள்ளை சோர்ந்து கிடந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். கையை இதயத்தின் உயரத்துக்குத் தூக்கி, விரல் நுனியை 5 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். 3 விநாடி ஆகியும் நிறம் திரும்பவில்லை என்றால் தாமதிக்காதீர்கள்.

பிறந்த குழந்தையின் கை கால் நீலமாக இருக்கிறதே?

பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் நீலமாக இருப்பது இயல்பு. உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, பால் குடிக்கிறதா, நன்றாக அழுகிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை.

நாக்கு நீலம் என்றால் பிறந்த எந்த நாளிலும் இயல்பு கிடையாது. பால் குடிக்கும்போது அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்குவது, நெற்றி வியர்ப்பது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது எல்லாம் இதய நோயின் அல்லது நுரையீரல் நோயின் அடையாளமாக இருக்கலாம். சில பிறவி இதயக் கோளாறுகளில், கருவில் திறந்திருந்த ஒரு ரத்தக் குழாய் பிறந்த சில நாளில் மூடும்போதுதான் குழந்தை திடீரென்று மோசமாகும், அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாக வந்த குழந்தைதானே என்று நினைக்காதீர்கள். பிறந்து ஒரு நாள் கழித்து, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் சின்னக் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். வலிக்காது, சில நிமிட வேலை.

மூச்சை எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பாட்டிமார் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டிய பிறகு குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும், கதவை மூடிச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நிறுத்த வேண்டிய பழக்கங்கள்.

அழும்போது மூச்சை அடக்கி நீலமாகிவிடுகிறான். என்ன செய்வது?

ஆறு மாதத்திலிருந்து ஐந்தாறு வயது வரை இது நிறையப் பிள்ளைகளுக்கு வரும். கோபத்திலோ வலியிலோ ஓங்கி அழுது, மூச்சை வெளியே விட்டு அப்படியே நின்றுவிடும், உதடு நீலமாகி உடம்பு துவண்டுபோகும், ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும், ஆனால் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, பொதுவாக ஆபத்தும் இல்லை. கீழே படுக்க வையுங்கள், குலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது அடிக்கடி வரும் என்பதால் முதல் தடவை வந்ததுமே டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அழாமலே, விளையாடும்போதோ தூங்கும்போதோ அப்படி நீலமாகி விழுந்தால் விஷயம் வேறு. ஒரு நிமிடத்தைத் தாண்டினாலும், ஆறு மாதத்துக்கு முன்பே வந்தாலும் உடனே போக வேண்டும்.

தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டு முகம் கருத்துவிட்டது. தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாமா?

கூடாது. அங்கே போய்ச் சேரும் நேரம் அந்தக் குழந்தையிடம் இல்லை.

பிள்ளை இருமுகிறது, அழ முடிகிறது என்றால் இருமவே விடுங்கள். சத்தமே வரவில்லை, நிறம் மாறுகிறது என்றால் நீங்கள்தான் செய்தாக வேண்டும், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஒரு வயதுக்குள் என்றால் குழந்தையைத் தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள், பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவே 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும் வரை மாறி மாறி இதையே செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையைக் கோத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வயிற்றை அழுத்த வேண்டும் (கர்ப்பிணி என்றால் வயிற்றில் வேண்டாம், மார்பில்). வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி சி.பி.ஆர். (மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி, கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்) தொடங்குங்கள்.

கடலை, சுண்டல், புளியங்கொட்டை, பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி, இவை சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது.

பிறவியிலேயே "நீலக் குழந்தை" என்றார்கள். எப்போதும் கொஞ்சம் நீலம்தான். அவசரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் குழந்தைகளில் பலருக்கு இருப்பது ஃபேலட் டெட்ராலஜி. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், இப்படி நான்கு கோளாறுகள் சேர்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஃபேலட் 1888-இல் விவரித்தார். 1944 நவம்பரில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இதற்கான அறுவை நடந்தது. ஹெலன் டாசிக் யோசனை சொன்னார், ஆல்ஃபிரட் பிளாலாக் செய்தார், விலங்குகளில் செய்து பார்த்து முறையை உருவாக்கிய கருப்பினத் தொழில்நுட்பர் விவியன் தாமஸ் பின்னால் நின்று வழிசொன்னார். அவருக்குரிய பெயர் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

இன்று இதைச் சரிசெய்யும் அறுவை தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு உதவி உண்டு, அரசு மருத்துவமனையில் கேளுங்கள். பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம்.

அவசரம் எது என்றால்: காலையில் எழுந்ததும் அழும்போதோ, பால் குடிக்கும்போதோ, வெளிக்குப் போகும்போதோ வழக்கமான நீலம் திடீரென்று அடர்த்தியாகி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் மாறி, குழந்தை ஓயாமல் அழுது பிறகு துவண்டுவிடும். உடனே முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடியுங்கள், தோளில் போட்டுக்கொண்டும் இதைச் செய்யலாம். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் இதனால் கூடும். பெரிய பிள்ளைகள் விளையாடும்போது நடுவில் தாங்களே குந்தி உட்காருவது இதற்காகத்தான். பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெளிந்துவிட்டாலும் போக வேண்டும்.

பாம்பு கடித்தால் உடம்பு நீலமாகும் என்கிறார்களே? நீலமாகவில்லை என்றால் விஷம் ஏறவில்லையா?

இந்த நம்பிக்கை நிறைய உயிரைக் குடித்திருக்கிறது. நீலம் விஷத்தின் நிறம் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் இவற்றின் விஷம் தசைகளைச் செயலிழக்க வைக்கும், முதலில் இமை சொருகும், பிறகு விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நிற்கும்போதுதான் உடம்பு நீலமாகும். அதாவது நீலம் பார்த்துக் கிளம்பினால் கடைசிக் கட்டத்தில் கிளம்புகிறீர்கள்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், வலியே தெரியாது, கடித்த தடமும் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அது பாம்புக் கடி என்றே நினைத்துக் கிளம்புங்கள். கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

மருந்தாலோ தண்ணீராலோ நீலமாகுமா?

ஆகும். சில ரசாயனங்கள் ஹீமோகுளோபினை மாற்றி ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக ஆக்கிவிடும். ஆள் நீலமாக இருப்பார், ஆக்சிஜன் கொடுத்தாலும் நீலம் போகாது, எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், சாயத் தொழிலில் வரும் அனிலின், உணர்விழக்கத் தடவும் சில மருந்துகள் இதைச் செய்யலாம்.

கிராமத்தில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, செடியில் பூ அதிகம் பிடிக்க அடிக்கும் நைட்ரோபென்சீன் கலந்த மருந்து. யாராவது அதைக் குடித்துவிட்டால், தவறியோ மனம் உடைந்தோ, முதல் சில மணி நேரம் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் உடனே கொண்டுபோங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். மெத்திலீன் புளூ என்ற ஊசி இதற்கு உண்டு, என்ன குடித்தார் என்று தெரிந்தால்தான் அதை நேரத்தோடு போட முடியும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருப்பவர்களுக்கு அந்த ஊசி ஆகாது, தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் கைக்குழந்தைகளுக்கானது. உரமும் சாக்கடையும் கலந்த கிணற்று நீரில் நைட்ரேட் கூடுதலாக இருக்கும், அதில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலமானதை 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது, ஆனால் ஆள் திணறுகிறார். எதை நம்புவது?

ஆளை நம்புங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது, நல்லதுதான், ஆனால் நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, சில்லிட்ட விரல், அசைவு எல்லாம் எண்ணைக் குழப்பும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பது 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெளிவாகவே தெரிந்தது. மூடிய அறையில் ஜெனரேட்டர் அல்லது கரி அடுப்புப் புகையில் மயங்கியவருக்கு உதடு நீலமாகவே ஆகாது, கருவியும் நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுகொண்டிருக்கும். மெத்ஹீமோகுளோபின் அதிகமானால் எண் 85-ஐ ஒட்டியே நின்றுவிடும்.

பொதுவாக 95-க்கு மேல் சரி, 92-க்குக் கீழே இறங்கினால் உடனே டாக்டர், 90-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு (விறகடுப்பில் காலமெல்லாம் சமைத்த அம்மாக்களும் இதில் உண்டு) வழக்கமான அளவே 88 முதல் 92 வரை இருக்கலாம், அவர்களுக்கு எது சரி என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வரும்போது உதடு நீலமாகிறது. சாவியைக் கையில் கொடுக்கலாமா?

வேண்டாம், இரும்பால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வலிப்பு நின்றதும் நிறம் திரும்பிவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்ற பிறகும் நீலம் போகவில்லை என்றாலோ, முதல் முறை வலிப்பு என்றாலோ 108.

பயப்படவே தேவையில்லாத நீலம் எது?

புது ஜீன்ஸ் சாயம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கைக்குழந்தையின் முதுகுக்குக் கீழேயும் புட்டத்திலும் பிறந்ததிலிருந்தே இருக்கும் சாம்பல் நீலத் திட்டு, சில வருடங்களில் மங்கும். அடிபட்ட கன்றல் (அடியே படாமல் அங்கங்கே தோன்றினால் ரத்தப் பரிசோதனை தேவை). விரலால் அழுத்திப் பாருங்கள், ஆக்சிஜன் குறைவால் வந்த நீலம் அழுத்தினால் வெளுக்கும், சாயமும் திட்டும் கன்றலும் அப்படியே இருக்கும்.

ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்வது?

நினைவு இருந்தால் உட்கார வையுங்கள், படுத்தால் திணறல் கூடும். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அவருடைய நீல இன்ஹேலரைக் கொடுங்கள். மயங்கியும் மூச்சு சரியாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து இழுக்கிறார் என்றால் அதை மூச்சாக எண்ணாதீர்கள். பெரியவர் என்றால் மார்பின் நடுவே இரண்டு கையையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். தண்ணீரில் மூழ்கியவர் என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாமல், முதலில் வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.

போனில் "நீலமாகிவிட்டார், மூச்சு இல்லை" அல்லது "மூச்சு இருக்கிறது" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், பிறகு வயது, பிறகு பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ பெட்ரோல் பங்கோ, எது அடையாளமோ அது. போனை வைக்காதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். ஒருவரைத் தெருமுனையில் நிற்க வையுங்கள், சாப்பிட்டு வந்த மாத்திரைகளைப் பையில் போட்டு வையுங்கள்.